காத்திருக்கும் நேரத்தின் கூலி

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் தம்பதியர் உள்ளே வந்தனர். கணவர் வங்கி ஊழியர். மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். நான்காம் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகள். அதுவரை பிள்ளைகளைக் கவனித்துவந்த பாட்டி, பக்கவாதம் கண்டு மூத்த மகன் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது.

“லீவு நாட்களிலும், இவளுக்கு டியூட்டி மாறும் நாட்களிலும் மட்டும் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் அம்மா வேண்டும், ஃபாதர். முழுநேரமாக ஆள் வைக்க எங்களுக்கு வசதியில்லை. தேவைப்படும் நாளில் சொல்லியனுப்புவோம். வந்த நாளுக்குக் கூலியை அன்றன்றே கொடுத்துவிடுவோம்” என்றார் கணவர்.

கேட்டது நியாயமாகவே பட்டது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எங்கள் அன்பியம் ஒன்றைச் சேர்ந்த ஒரு கைம்பெண். இரண்டு வீடுகளில் வேலை செய்து, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரே மகளை வளர்த்துவருபவர். அந்த இரு வீடுகளில் ஒன்று அப்போதுதான் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அவரை வரவழைத்துப் பேசினேன். அவரும் மகிழ்ந்தார், தம்பதியரும் மகிழ்ந்தனர். இரு தரப்பினரும் எனக்கு நன்றி கூறினர். ஒரே வார்த்தையில் இரண்டு குடும்பங்களின் தேவை நிறைவேறியதென்று நானும் நிறைவு கொண்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், காலைத் திருப்பலிக்குப் பின் அந்த அம்மா அலுவலக வாசலில் நின்றார். மகளுக்கு நோட்டுப் புத்தகமும் புதுச் சீருடையும் வாங்க வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சொல்லி ஏதேனும் உதவி கிடைக்குமா என்று கேட்டார். கோடை முழுவதும் வேலை இருந்திருக்குமே என்ற எண்ணத்தில், “லீவில் நல்ல வேலை கிடைத்ததே, அம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவர் குறையேதும் சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஞாயிறு நீங்கலாக விடுமுறை 36 நாட்கள். அவர்கள் அழைத்தது 21 நாட்கள். மீதி 15 நாட்கள் காலையில் குளித்து, சோறாக்கி, புறப்படத் தயாராய்க் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார். சில நாட்களில் ஏழு மணிக்கு, “இன்று வேண்டாம், அக்கா” என்று செய்தி வரும். சில நாட்களில் அதுவும் வராது. இடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொடர்ந்து பத்து நாள் பாத்திரம் துலக்கும் வேலைக்கு அழைத்தார்களாம். “பிள்ளைகளைப் பார்த்துக்கிறேன்னு வாக்குக் கொடுத்திட்டேனே, சாமி” என்று அதை மறுத்துவிட்டிருக்கிறார்.

“நீங்கள் வேலைக்குப் போன நாட்களில் உங்கள் மகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?” என்று கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்தபடி நின்றார். “லீவு விட்டா எல்லாப் பிள்ளைகளுக்கும்தானே, சாமி, லீவு? பக்கத்து வீட்டு ஆத்தா இருந்தா அவங்ககிட்ட விட்டுட்டுப் போவேன். அவங்க இல்லாத அன்னைக்கு வெளியே பூட்டிட்டுப் போயிடுவேன்” என்றார்.

ஏப்ரல், மே வெயிலில், தகரக் கூரையிட்ட ஓர் அறையில், வெளியே பூட்டிய கதவுக்குப் பின்னால் பத்து வயதுச் சிறுமி. அவளுடைய தாய் அந்நேரத்தில் நான் ஏற்பாடு செய்துகொடுத்த வீட்டில், வேறு இரு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் என்னால் வேறு வேலையில் மனத்தைச் செலுத்த இயலவில்லை.

யார் செய்த தவறு?

இங்கே தவறு நிகழ்ந்திருக்கிறதா? நிகழ்ந்திருந்தால் யாருடையது? அவசரப்பட்டுத் தீர்ப்பிடாமல் சிந்திப்போம்.

அந்தத் தம்பதியர் நல்லவர்கள். பேசிய கூலியை ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அன்றைய கூலியை அன்று மாலையே. நாள்கூலிக்காரருக்குப் பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அவர் அதையே நம்பி இருக்கிறார் என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளையை (24:14-15) அவர்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறார்கள். வேலைக்குப் போன நாட்களில் மதிய உணவு கொடுத்தார்கள். “அக்கா” என்றே அழைத்தார்கள். உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்வது இரத்தம் சிந்துவதற்கு ஒப்பாகும் என்று சீராக்கின் ஞானம் (34) எச்சரிக்கும் இடத்தில் இவர்களை நிறுத்த முடியாது. உழைத்த மணி ஒவ்வொன்றுக்கும் கூலி போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் அந்த அம்மா இழந்தது எது? உழைக்காத 15 நாட்களை. அந்த நாட்கள் அவருடையவையாகவும் இல்லை, அவர்களுடையவையாகவும் இல்லை. அவருடையவையாக இருந்திருந்தால் மண்டபத்து வேலைக்குப் போயிருப்பார். மகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்காவது போயிருப்பார். அவர்களுடையவையாக இருந்திருந்தால் அவற்றுக்குக் கூலி கிடைத்திருக்கும். ஒருவரிடம், “எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும்” என்று சொல்லும்போது அவருடைய உழைப்பை மட்டும் நாம் கேட்கவில்லை. அவருடைய சுதந்திரத்தில் ஒரு பகுதியையும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். உழைப்புக்கு விலை பேசினோம். சுதந்திரத்தை விலையின்றி எடுத்துக்கொண்டோம்.

இது மிகையான பேச்சென்று நினைப்போர் தம் அன்றாட வாழ்வை எண்ணிப் பார்க்கட்டும். திருமணத்துக்கு மண்டபம் பிடிக்கிறோம். பிறகு தேதி மாறினால் முன்பணம் திரும்பாது என்பதை ஏற்றுக்கொள்கிறோம். அந்த நாளை நமக்காக ஒதுக்கிவைத்ததனால் வேறொருவருக்குக் கொடுக்க முடியாமற் போயிற்றென்ற நியாயம் நமக்குப் புரிகிறது. வேளாங்கண்ணிக்கு வேன் அமர்த்திச் சென்றால், நாம் திருப்பலி கண்டு, கடலில் குளித்து, உண்டு திரும்பும்வரை வண்டி நிற்கும் நேரத்துக்கும் கணக்குண்டு. 2013ஆம் ஆண்டு சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு கட்டணம் நிர்ணயித்தபோது, காத்திருக்கும் ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் 3 ரூபாய் 50 காசு என்று அதையும் சேர்த்தே அறிவித்தது. மண்டபம் காத்திருந்தால் பணம். வண்டி காத்திருந்தால் பணம். மனிதர் காத்திருந்தால் மட்டும், “இன்று வேலையே செய்யவில்லையே!” என்கிறோம்.

இந்தச் சிந்தனை புதியதன்று. 2011 ஜூன் மாதம் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழில் அமைப்பின் மாநாடு, வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வேலைக்கு எப்போது அழைப்பு வருமோ என்று தம் நேரத்தைத் தம் விருப்பப்படி செலவிட முடியாமல் இருக்கும் பொழுதையும், அந்தந்த நாட்டுச் சட்டங்கள் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகவே கருத வேண்டுமென்று அதன் பத்தாம் பிரிவு கூறுகிறது. நம் நாடு அவ்வுடன்படிக்கையை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் நீதியின் கடமை சட்டம் பிறக்கும் நாளில்தான் தொடங்குகிறதென்று நம் திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை.

“அவர்தான் ஒப்புக்கொண்டாரே!”

இங்கே ஒரு மறுப்பு எழும். “யாரும் வற்புறுத்தவில்லையே? நிபந்தனையைச் சொன்னோம், அவர் ஒப்புக்கொண்டார்” என்பர். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாட்களில் ஒப்பந்த நீதியைப் பற்றி நாங்களும் இவ்வாறே வாதிட்டதுண்டு. ஆனால், 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் இந்த வாதத்துக்கு நேராகவே விடை தருகிறது. இருவரும் மனமொத்து உடன்படலாம். எனினும் அந்த உடன்பாட்டுக்கு மேலே, அதனினும் பழமையான இயற்கை நீதி ஒன்று நிற்கிறது என்கிறார் அவர். வேறு வழியில்லை என்பதாலோ, இதைவிடப் பெரிய தீங்கு நேருமென்ற அச்சத்தாலோ ஒருவர் கடினமான நிபந்தனையை ஏற்றால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையாகிறார் என்றே அம்மடல் காண்கிறது. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை தமக்கு லியோ என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையும் காரணமாகக் குறிப்பிட்டார். ஆலைகளை எண்ணி எழுதப்பட்ட மடல் நம் வீட்டு அடுக்களைக்கும் பொருந்துமா என்று தயங்க வேண்டியதில்லை. இருந்த இரு வீடுகளில் ஒன்றை இழந்து நின்ற கைம்பெண்ணின் “சரி, சாமி” என்ற சொல்லில் எவ்வளவு விருப்பம் இருந்தது, எவ்வளவு வேறுவழியின்மை இருந்தது? அதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை (மத்தேயு 20) நாமெல்லாம் அறிந்ததே. பொழுது சாயும் வேளையில் சந்தைவெளியில் நின்றவர்களிடம், நாள் முழுவதும் இங்கே ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் கேட்கிறார். எங்களை எவரும் அமர்த்தவில்லை என்பது அவர்களுடைய மறுமொழி. ஒரு மணி நேரமே உழைத்த அவர்களுக்கும் ஒரு தெனாரியம் முழுமையாகக் கிடைக்கிறது. இறையாட்சியின் கொடையைப் பற்றிய உவமை இது. கூலிக் கொள்கை வகுப்பதற்காக ஆண்டவர் இதைச் சொல்லவில்லை என்பதை அறிவேன். ஆயினும் நாசரேத்துத் தச்சரின் மகனுக்குச் சந்தைவெளியில் நிற்பவரின் நாள் எப்படிக் கழியும் என்பது தெரிந்திருந்தது. அவர்கள் சோம்பலால் நிற்கவில்லை, அழைப்பாரின்றி நின்றார்கள் என்பதை அந்த நிலக்கிழார் ஏற்றுக்கொள்கிறார். நம் ஊர்களில் அதிகாலையில் சித்தாள்களும் கொத்தனார்களும் தூக்குவாளியோடு நாற்சந்தியில் நிற்பதை நாமும் பார்க்கிறோம். வீட்டுக்குள் கைப்பேசியோடு காத்திருக்கும் பெண்ணையோ எவரும் பார்ப்பதில்லை.

பாரம் இறங்கும் வழி

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை அந்தத் தம்பதியரின் வீட்டுக்குச் சென்றேன். கண்டிக்கும் எண்ணமும் சிறிது இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்தச் சகோதரி நான் சொன்னவற்றைக் கேட்டார். கண்கள் கலங்கின. தம் கைப்பேசியை எடுத்து மருத்துவமனையின் பணிப் பட்டியலைக் காட்டினார். காலைப் பணி என்றிருந்தது இரவுப் பணியாக மாறியிருந்தது. வாராந்திர விடுப்பு இருமுறை அடிக்கப்பட்டிருந்தது. “எனக்கே நாளைக்கு எந்த டியூட்டி என்பது இன்று இரவுதான் தெரியும், ஃபாதர். நான் அக்காவுக்கு எப்படி முன்கூட்டிச் சொல்லுவேன்?” என்றார்.

அவரும் காத்திருப்பவர்தான். இரவு எட்டு மணிக்கு வரும் செய்திக்காக அவர் காத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு வரும் செய்திக்காக அந்த அம்மா காத்திருக்கிறார். அம்மா வருவாரா மாட்டாரா என்று பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு சிறுமி காத்திருக்கிறாள். மேலே ஒருவர் செலவைக் குறைக்கும்போது கணக்கில் மிச்சமாகும் தொகை எங்கும் மறைந்துவிடுவதில்லை. படிப்படியாக இறங்கி, கடைசியில் மறுத்துப் பேச இயலாதவரின் தோளில் அமர்கிறது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய ‘லபோரெம் எக்சர்சென்ஸ்’ சுற்றுமடலில் ஓர் அரிய கருத்தைத் தந்தார். தொழிலாளியை நேரடியாக அமர்த்துபவர் ஒருவர். அந்த நேரடி முதலாளி எவ்வாறு நடந்துகொள்ள முடியும் என்பதை நிர்ணயிக்கும் நிறுவனங்களும் சட்டங்களும் வழக்கங்களும் மறைமுக முதலாளி. நீதிக்கான பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. இதன்படி பார்த்தால், இரவு எட்டு மணிக்குப் பணியை மாற்றும் மருத்துவமனை அந்தக் கைம்பெண்ணின் பெயரைக்கூட அறியாது. எனினும் அவருக்கு அது மறைமுக முதலாளி. ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கூறியது. நல்ல சட்டம்தான். ஆனால் பள்ளிக்குச் செல்லும் வயதுப் பிள்ளைகள் விடுமுறையில் எங்கே இருப்பார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது. காலாண்டு, அரையாண்டு, கோடை என்று பள்ளி மூடும். அலுவலகமும் மருத்துவமனையும் மூடுவதில்லை. அந்த இடைவெளியைப் பாட்டிமார் நிரப்பினார்கள். பாட்டியும் இயலாமற்போன வீட்டில் வேறொரு வீட்டுத் தாய் நிரப்புகிறார்.

அப்படியானால் அந்தத் தம்பதியருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. எனக்கு மேலிருந்து வரும் பாரத்தை நான் முழுவதும் தடுக்க இயலாமல் இருக்கலாம். அதை அப்படியே கீழே இறக்கி வைப்பதா, அதில் ஒரு பங்கை நானே தாங்குவதா என்பது என் கையில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது என் வீட்டு நினைவு வந்தது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் பங்கு இல்லத்தில் ஓர் அம்மா சமையல் செய்கிறார். ஆண்டுதோறும் குருக்களின் ஆண்டுத் தியானத்துக்கு நான் ஆறு நாட்கள் செல்வதுண்டு. புறப்படும் முன், “இந்த ஆறு நாளும் நீங்கள் ஓய்வெடுங்கள், அம்மா” என்று சொல்லிவிட்டுப் போவேன். அதைப் பரிவென்றே எண்ணியிருந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் ஆறு நாள் கழிக்கப்படும். கணக்குப் புத்தகத்தில் கையொப்பமிடுபவன் நானே. நான் இறைவனோடு தங்கியிருந்த ஆறு நாட்களுக்கு அவர் வீட்டு உலை கொடுத்திருக்கிறது. கூலியில்லாமல் கிடைத்த அந்த நாட்களுக்கு ஓய்வென்று பெயரிட்டவனும் நானே.

செவிலியின் பிள்ளை

அந்தச் சிறுமியின் பக்கம் திரும்புவோம். கூலி ஒழுங்காகிவிட்டாலும் அவளைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

திருவிவிலியத்தில் கூலி பேசி ஒரு குழந்தையை ஒப்படைக்கும் காட்சி விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. நைல் நதிக்கரையில் கண்டெடுத்த குழந்தையைப் பார்வோனின் மகள் ஓர் எபிரேயப் பெண்ணிடம் கொடுத்து, வளர்த்துத் தந்தால் கூலி கொடுப்பதாகக் கூறுகிறாள். அப்பெண்ணே குழந்தையைப் பெற்றவள் என்பது அவளுக்குத் தெரியாது. சொந்தப் பிள்ளையையே கூலிக்கு வளர்க்கும் பேறு மோசேயின் தாய்க்குக் கிடைத்தது. நம் வீடுகளுக்கு வரும் தாய்மாருக்கு அந்தப் பேறில்லை. நம் பிள்ளையை மடியில் வைக்கும் நேரமெல்லாம் தம் பிள்ளையை இறக்கிவைத்த நேரம்.

நம் தமிழ் மரபு இதை அறிந்திருந்தது. அகத்திணை இலக்கியத்தில் தலைவிக்கு நற்றாயும் உண்டு, செவிலித்தாயும் உண்டு. தலைவி பிரிந்து சென்றபோது செவிலி புலம்புவதாக அமைந்த பாடல்கள் சங்கத் தொகைகளில் பலவுண்டு. தலைவியின் உயிர்த்தோழி யார்? செவிலியின் மகளே தோழி என்கிறது தொல்காப்பியம். அதாவது, வளர்ப்பவளின் பிள்ளைக்கும் அந்த வீட்டில் இடமிருந்தது. இரு பிள்ளைகளும் சேர்ந்தே வளர்ந்தனர். அக்காலத்து உயர்வு தாழ்வுகளை நான் மறக்கவில்லை. அவை திரும்ப வேண்டா. ஆனால் செவிலிக்கும் ஒரு பிள்ளை உண்டு என்பதை அந்த இலக்கணம் மறக்கவில்லை. இன்று மருத்துவமனையில் பணிபுரிபவரைச் செவிலியர் என்கிறோம். அவர் பிள்ளையை வளர்க்க வருபவரை ஆயா என்கிறோம். இருவருமே பிறர் உடலைப் பேணிக் காக்கத் தம் வீட்டைப் பூட்டிவிட்டு வருபவர்கள்.

தொடக்கநூல் 35ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. ரெபேக்காவின் செவிலி தெபோரா இறந்தபோது, பெத்தேலுக்குக் கீழே ஒரு கருவாலி மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள். அழுகையின் மரம் என்னும் பொருள்பட அதற்கு அல்லோன்பாக்கூத்து என்று பெயரிட்டார்கள். ரெபேக்காவின் சாவைத் தனியே விவரிக்காத அந்நூல், அவருடைய செவிலியின் சாவையும் பெயரையும் அவருக்காக அழுதவர்களையும் பதிவு செய்திருக்கிறது. பிள்ளை வளர்த்தவரை அந்தக் குடும்பம் அவ்வாறு நினைவில் வைத்திருந்தது. நம் வீட்டில் ஐந்து கோடை விடுமுறைகளைக் கழித்த அம்மாவின் மகள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம்?

சில காரியங்களைப் பெரிய வசதியில்லாத குடும்பங்களும் செய்ய முடியும்.

முதலாவது, பேச்சைத் தெளிவாக்குதல். பள்ளி நாட்காட்டி ஜூன் மாதமே கைக்கு வந்துவிடுகிறது. எந்தெந்த விடுமுறைக்கு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் பாத்திரமும் துணியும் வீடு துடைப்பதும் சேர்த்துச் செய்ய வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அதற்குரிய கூலியையும் பேச வேண்டும்.

இரண்டாவது, உறுதி செய்த நாளில் வேலை இல்லையென்றால் அந்த நாளின் கூலி அவருடையது. முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிவிட்டால் பாதியாவது கொடுக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்தைத் தனியே கொடுக்க வேண்டும். மூன்றாவது, விடுமுறையில் அவருடைய பிள்ளையும் உடன் வரலாம் என்று நாமே முந்திச் சொல்ல வேண்டும்; அவராகக் கேட்கமாட்டார்.

நான்காவது, அவருக்கு உரியவற்றைப் பெற உதவுதல். வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென நலவாரியம் ஒன்றைத் தமிழக அரசு 2007இல் அமைத்தது. 2018இல் மணிக்கணக்கிலான குறைந்தபட்சக் கூலியையும் நிர்ணயித்தது. பணியிடத்தில் பெண்களைக் காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுவேலை செய்யும் பெண்களையும் உள்ளடக்கியது. இவற்றை அறியாதவர்கள் நம் அன்பியங்களில் ஏராளம். தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கத்தை 1985இல் தொடங்கியவர் அருட்சகோதரி ஜீன் தேவோஸ் என்னும் பெல்ஜிய நாட்டுத் துறவி. அவருடைய சபை 1897இல் நம் குமரி மாவட்டத்து முளகுமூட்டில் பிறந்தது. அந்த மரபு நம்முடையது. அதைத் தொடரும் கடமையும் நம்முடையது.

பங்காக நாங்கள் செய்தது சிறிது. பத்து நாள் விடுமுறை விவிலியப் பள்ளி முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபத்தைக் கடந்த அரையாண்டு விடுமுறையில் காலை முதல் மாலை வரை திறந்து வைத்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் பொறுப்பேற்றனர். வங்கி ஊழியரின் பிள்ளைகளும் வீட்டுவேலை செய்பவரின் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து குடில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினர். கோடை முழுவதும் இதை நடத்த ஆளும் பொருளும் உண்டா என்று பங்குப் பேரவையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தம்பதியரும் அந்த அம்மாவும் மறுபடி என் அலுவலகத்தில் அமர்ந்து பேசினர். ஆறு நாளுக்கும் உறுதி சொல்ல இவர்களால் முடியவில்லை. வாரத்தில் நான்கு நாள், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கூலி என்று முடிவாயிற்று. குறைவாயிற்றே என்று நான் தயங்கினேன். அந்த அம்மா முகம் மலர்ந்து, “நாலு நாள்னு தெரிஞ்சாப் போதும், சாமி. மத்த ரெண்டு நாளுக்கு நான் வேற வேலை பார்த்துக்குவேன்” என்றார். நான் பணத்தையே கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு முதலில் வேண்டியிருந்தது, தம் நாள் தம்முடையதா இல்லையா என்பதை முன்கூட்டியே அறியும் உரிமை. மகளும் இப்போது உடன் செல்கிறாள்.

என் சொந்தக் கணக்கு ஒன்று மீதியிருந்தது. ஏழாம் கட்டளைக்கு எதிரான குற்றத்தில் மனம் வருந்துவது மட்டும் போதாது, எடுத்ததை ஈடுசெய்ய வேண்டும் என்பது நாங்கள் மறைக்கல்வியில் சிறுவர்க்கும் கற்பிக்கும் பாடம். இந்தப் பங்குக்கு நான் வந்தபின் மூன்று தியானங்கள்; 18 நாட்கள். அந்தத் தொகையை என் சொந்தப் பணத்திலிருந்து ஓர் உறையில் இட்டு, சமையலறை வாசலில் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். திருவிழாவுக்கு நான் ஏதோ அன்பளிப்புத் தருவதாக நினைத்து அவர் கைகூப்பி, “சாமி நல்லாயிருக்கணும்” என்றார். அந்த வாழ்த்தைப் பெற்றுக்கொண்டு நகர்ந்துவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது அன்பளிப்பு அன்று, மூன்று ஆண்டுகளாக நான் வைத்திருந்த கடன் என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். ஒரு கணம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு உறையை முந்தானையில் முடிந்துகொண்டு, “இட்லி ஆறிடும், வாங்க சாமி” என்றார்.

கோடை விடுமுறை மீண்டும் வருகிறது. நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவைத் தேடும் வீடுகள் நம் பங்குகளில் பல உண்டு. கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அவரிடம் வேறொன்றைக் கேட்போம்: “உங்கள் பிள்ளைக்கும் லீவுதானே, அம்மா? அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?” அதற்கு அவர் தரும் விடையைக் கேட்ட பிறகு கூலியைப் பேசுவோம்.